ஓடிலோனின் இடப்பக்கம்

ஓடிலோனுக்கு இடது கண் போய்விட்டது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு உப்புக் கிண்ணம்.

ஜனவரி கடைசி ஞாயிறு. என் தங்கை எல்ஸ்பெத் வீட்டில் மதியச் சாப்பாடு. பட்டாணி சூப்பும் உப்புப் பன்றிக்கறியும். ஓடிலோன் ஷாரெட் அவள் புருஷன், எங்கள் ஊர்ப் பனிச்சறுக்கு ஹாக்கி அணியின் கோல்கீப்பர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில் எதிராளியின் மட்டை நுனி அவன் இடது புருவத்தைக் கிழித்திருந்தது. ஆறு தையல். தையலைப் பிரித்தாகிவிட்டது, காயமும் ஆறிவிட்டது, ஊரும் மறந்துவிட்டது. எல்ஸ்பெத் அவனுக்கு இடப்பக்கம் நின்று உப்பை நீட்டினாள். அவன் பாட்டுக்குச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கப் போறீங்களா, இல்ல நாள் பூரா இப்படியே நிக்கட்டுமா?" என்றாள்.

அவன் திடுக்கிட்டு முழுத்தலையையும் திருப்பினான். பிறகு சிரித்தான். "உன் கையழகப் பாத்துட்டு இருந்தேன்" என்றான். அவள் முகம் சிவந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மெதுவாக எழுந்து, முஷ்டியை மடக்கி, அவன் இடது கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் இமை அசையவில்லை.

"மாப்ளே, என் கை எங்க இருக்கு?"

கரண்டியைக் கீழே வைத்தான்.

"அவகிட்ட சொல்லிடாத மச்சான். ஆறு மாசம் அவளுக்கு."

"ஒண்ணுமே தெரியலயா?"

"வெளிச்சம் தெரியும். ஜன்னல் எங்கன்னு தெரியும். உன் மூஞ்சி தெரியல. அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல."

அவனுக்கு எல்லாமே கிண்டல்தான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கோல்கீப்பர் என்றால் முகக்காப்பு எதுவும் இல்லாத வெறும் முகம்தான். இன்றைக்கும் அப்படித்தான். கல்லாக உறைந்த ரப்பர் வட்டு ஒன்று எதிராளியின் மட்டையிலிருந்து கிளம்பி வரும். அவன் நின்று பார்க்கவேண்டும். இரண்டு கண் உள்ளவனுக்கே பல் போகும், மூக்கு போகும். ஒற்றைக் கண்ணோடு நிற்பவனுக்கு மிச்சமிருக்கும் கண்ணும் போனால்? பிறக்கப்போகும் குழந்தையின் முகத்தை அவன் கையால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நினைப்பு அன்று என்னைப் பிடித்ததுதான், மார்ச் மாதம் வரை விடவில்லை.

"இன்னியோட நிறுத்திடு" என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றான். அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் லீக்கில் முதன்முதலாகக் கூலி கொடுத்து ஆடவைத்தார்கள். பருவ முடிவில் மூன்று கோப்பைகள் என்றும் அறிவித்திருந்தார்கள். அதிக கோல் போட்டவனுக்கு ஒன்று. குறைவாகக் கோல் வாங்கிய கோல்கீப்பருக்கு ஒன்று. தப்பாட்டம் ஆடாத கண்ணியவானுக்கு ஒன்று, அது ஒரு பாதிரியார் கொடுத்தது. கோல்கீப்பர் கோப்பை யாருக்கோ அவனை மேற்குக் கடற்கரையில் புதிதாகத் தொடங்கும் அணிக்கு அழைத்துக்கொள்வதாக அங்கிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அந்தக் கோப்பை கிடைச்சா நான் மறுபடி சுரங்கத்துல இறங்க வேண்டாம்" என்றான் ஓடிலோன்.

அவனுக்கு வட்டைக் கண்டு பயம் கிடையாது. வெள்ளிச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டில் இறங்கும்போதுதான் பயம். சட்டைப்பைக்குள் ஜெபமாலையை உருட்டுவான், உதடு வெளுத்துவிடும். எனக்கு நேர்மாறு. பூமிக்கு அடியில் நான் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்வேன். ஒரு வட்டு மார்புக்கு மேலே எழும்பினால் போதும், குடல் கலங்கிவிடும். எட்டு வருஷமாகக் கோலுக்கு முன்னால் தடுப்பாளனாக நின்றவன் நான். இது யாருக்கும் தெரியாது. தலையைக் குனிந்து, தோளைக் கொடுத்துத் தடுப்பேன். வீரன் என்றார்கள். குனிந்தால் வட்டைப் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான் விஷயம்.

பிப்ரவரி முழுக்க அவனுடைய இடப்பக்கம் என் பொறுப்பாயிற்று. அந்தப் பக்கம் எவன் வந்தாலும் நான் குறுக்கே விழுந்தேன். விலாவில் ஒரு எலும்பு விரிசல் விட்டது. தொடை கறுத்துக் கன்றிப்போனது. ஒரே ஒரு காரியத்தில் மட்டும் மிக எச்சரிக்கையாக இருந்தேன்: நடுவர் என்னை வெளியே அனுப்பிவிடக் கூடாது. நான் வெளியே உட்காரும் இரண்டு நிமிஷம் அவன் இடப்பக்கம் திறந்துகிடக்கும். அதனால் ஒருவனையும் காலிடறவில்லை, மட்டையால் கொக்கிபோட்டு இழுக்கவில்லை. ஒருவன் என் முகத்தில் துப்பினான், துடைத்துக்கொண்டேன். அதற்கு முந்தைய வருஷம் நான் யாரென்று கேட்டுப் பாருங்கள், ஊரில் பாதிப் பேரின் பல் என்னிடம் இருந்தது. "மர்டோ கின்கேட் திருந்திவிட்டார்" என்று என்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள். திருந்தவாவது. பயம், வேறொன்றுமில்லை.

கடைசி ஆட்டம் மார்ச் இரண்டாம் சனிக்கிழமை மதியம், எங்கள் ஊரில். போர்ட் ஹாலன் அணி வந்திருந்தது. நாங்கள் பட்டியலில் நான்காவது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ஆனால் ஓடிலோனுக்கு ஒன்றல்ல. கோப்பைக்குப் போட்டியாக இருந்த ஆற்றங்கரை ஊரின் கோல்கீப்பருக்கு ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது. அவனைவிட ஓடிலோன் நான்கு கோல் குறைவாக வாங்கியிருந்தான். அன்று மூன்று வரை வாங்கலாம், கோப்பை இவனுக்குத்தான். நான்கு விழுந்தால் இருவரும் சமம். சமமானால் அதிக ஆட்டம் ஜெயித்த அணியின் ஆளுக்கு என்று விதி. அதில் நாங்கள் எங்கே.

போர்ட் ஹாலனில் லாக்லன் ஸ்டைல்ஸ் என்று ஒருவன். லீக்கிலேயே அவன் அளவுக்கு வேகமாக வட்டை அடிக்கிறவன் கிடையாது. இன்னும் மூன்று கோல் போட்டால் கோல் போட்டவனுக்கான கோப்பை அவனுக்கு. அவனும் சும்மா வரவில்லை.

இரண்டு நாளாகவே வெயில் அடித்துப் பனி இளகிக்கொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஆயிரம் பேர் மூச்சுவிட, ஈரமான பனித்தரையிலிருந்து இடுப்பளவுக்கு மூடுபனி எழும்பி நின்றது. எதிர்க் கோல் தெரியவில்லை. வட்டு பனிக்குள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. இந்த ஒரு நாள் போய்விட்டால் போதும் ஆண்டவரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சறுக்கினேன்.

பத்தாவது நிமிஷத்தில் லாக்லன் ஒரு கோல் போட்டான். இடப்பக்கம். நான் குறுக்கே விழுவதற்குள் தாண்டிவிட்டது. ஓடிலோன் வட்டு வலையில் விழுந்த பிறகுதான் கையைத் தூக்கினான். லாக்லன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். கோல் போட்டவன் துள்ளவேண்டாமா? அவன் துள்ளவில்லை. ஓடிலோனின் முகத்தையே பார்த்தான்.

அடுத்த முறை வட்டு நடுவில் வைக்கப்படும்போது என் பக்கத்தில் வந்து உரசினான்.

"கின்கேட், உங்க ஆளு அந்தப் பக்கம் தூங்குறாரா?"

"உன் வேலையப் பாரு."

"என் வேலையே அதானப்பா. கண்ணு ஏதாவது கோளாறா?"

"உன் கண்ணுல கோளாறு வராம பாத்துக்க."

"அய்யோ, நீங்க கண்ணியமான ஆளாச்சே, இப்படிப் பேசலாமா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

முதல் பாதி முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஒன்றைத் தலை உயரத்துக்கு அடித்தான். கோலுக்கு அல்ல, சோதனைக்கு. வட்டு ஓடிலோனின் இடது காதைக் கிழித்துக்கொண்டு போனது. அது படும்வரை அவன் தலையை அசைக்கவே இல்லை. பட்டதும் ஒரு முழங்காலில் உட்கார்ந்துவிட்டான்.

நடுவர் ஊதினார். அந்தக் காலத்தில் கோல்கீப்பர் தரையில் விழக் கூடாது. முழங்காலும் படக் கூடாது. நின்றுகொண்டேதான் தடுக்கவேண்டும். இரண்டு முறை எச்சரிப்பார்கள். மூன்றாவது முறை மூன்று நிமிஷம் வெளியே. அணியில் எவனாவது ஒருவன் அவன் இடத்தில் நிற்கவேண்டும். அப்போது விழும் கோலும் கோல்கீப்பர் பெயரில்தான் சேரும்.

"ஷாரெட், இது ரெண்டாவது. முதல்ல வழுக்கினதையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார் நடுவர்.

"காதக் கிழிச்சுட்டான் சார். மரியாதைக்கு மண்டி போட்டேன்" என்றான் ஓடிலோன்.

இடைவேளையில் காதைத் தைத்தார்கள். எங்கள் மேலாளர் டல்லி அந்தப் பக்கம் போனதும் நான் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அவன் கண்டுபிடிச்சிட்டான் மாப்ளே. அடுத்தது மூஞ்சிக்குத்தான் வரும். டல்லிகிட்ட சொல்லிடுறேன். தலை சுத்துதுன்னு உக்காந்துடு."

"சொல்லு. சொல்லிட்டு என் வாசப்படி மிதிக்காத."

"எல்ஸ்பெத்த நெனச்சுப் பாரு."

"அவள நெனச்சுத்தான் நிக்கிறேன்." குரலைத் தாழ்த்தினான். "இன்னும் அரை மணி நேரம் மச்சான். எட்டு ஆட்டம் ஆடியாச்சு இந்த ஒத்தக் கண்ண வச்சு. அரை மணி நேரம் ஆட மாட்டேனா? நீ இடப்பக்கம் நில்லு, போதும்."

நின்றேன். இரண்டாம் பாதியில் மூடுபனி மார்புக்கு ஏறிவிட்டது. லாக்லன் இன்னொன்று போட்டான், கால்களுக்கு நடுவே, அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆக இரண்டு. இன்னும் பன்னிரண்டு நிமிஷம். திரும்பி வரும்போது என் காதருகே, "அடுத்தது மேல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கோலுக்கு மேலேயா, தலைக்கு மேலேயா, எனக்குத் தெரியாது. சும்மா மிரட்டினானோ என்னவோ.

பிறகு நடந்ததை நான் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூடுபனிக்குள்ளிருந்து லாக்லன் மட்டும் தனியாக வெளியே வந்தான். இடப்பக்கம். என் மட்டை அவனுக்கு எட்டாது. அவன் தோள் பின்னால் போனது. ஓடிலோன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வட்டு அங்கே இருப்பதாக நினைத்தான். எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தவன் ஓடிலோன் ஒருவன்தான். மட்டையின் அடிக்கட்டையை அவன் முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து ஓங்கித் தள்ளினேன்.

அவன் மல்லாக்க விழுந்தான். வட்டு கோலுக்கு மேலே போய்ப் பின்பலகையில் இடித்தது. அவன் தலை இருந்த இடத்தின் வழியாகத்தான் போனதா என்று கேட்டால், ஆம் என்பேன். சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன்.

நடுவர் பனியைக் கையால் விலக்கிக்கொண்டே வந்தார். கோல்கீப்பர் தரையில் கிடப்பது மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"மூணாவது, ஷாரெட். வெளிய போங்க."

"விழல சார். தள்ளிட்டாங்க" என்றான் ஓடிலோன்.

"யாரு?"

அவன் எப்படிச் சொல்வான்? என்னைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் கண் வெளியே வரும். தரையில் கிடந்தபடி தலையை முழுக்கத் திருப்பி, அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். நீயே சொல்லு என்பது போலப் பார்த்தான். ஆள் இடித்துத்தான் விழுந்தார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் என்று சொல்லக்கூட வேண்டாம், தண்டனை கிடையாது.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "கின்கேட், நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஒன்றரை மாசமா ஒரு தப்பாட்டம் ஆடாத மனுஷன் நீங்க. நீங்க சொன்னா நான் ஒத்துக்கிறேன். யாராவது தள்ளினாங்களா?"

மூன்று நிமிஷம் என்று நினைத்தேன். அந்த மூன்று நிமிஷம் அவன் தலை கோலுக்கு முன்னால் இருக்காது. அதற்குள் லாக்லன் தன்னுடைய மூன்றாவது கோலைப் போட்டுக்கொண்டு போகட்டும். ஒன்றே ஒன்று. மொத்தம் மூன்றுதானே ஆகும், கோப்பை போகாது. கணக்கு எவ்வளவு அழகாக வந்தது பாருங்கள்.

"இல்ல சார். தானாத்தான் விழுந்தாரு" என்றேன்.

ஓடிலோன் எழுந்தான். கையுறையைத் தட்டிக்கொண்டான். தண்டனைப் பெஞ்சுக்குப் போனான். அது கோலுக்குப் பத்தடி தள்ளி, ஓரப் பலகைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. கோலை நன்றாகப் பார்ப்பதற்காக வலது கண் முன்னால் வரும்படி திரும்பி உட்கார்ந்தான்.

"கோலுக்கு யாரு?" என்றார் நடுவர். டல்லி என்னைக் கைகாட்டினார். வேறு யாரைக் காட்டுவார், நான்தானே வீரன்.

அந்தக் கோலுக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும். தடுப்பாளனாக நின்றபோது குனியலாம், தோளைக் கொடுக்கலாம், பக்கவாட்டில் போகலாம். இங்கே எங்கும் போக முடியாது. முன்னால் வெறும் வெள்ளை. அதற்குள்ளே சறுக்குக் காலணிகள் பனியைச் சீவும் சத்தம் மட்டும் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. என் கால்கள் நடுங்கியதில் முழங்கால் பட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. எனக்கே கேட்டது.

லாக்லன் நேராக வந்தான். மட்டை பின்னால் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வேண்டுமென்று மூடவில்லை. இமை தானாக இறங்கியது. திறந்தபோது வட்டு எனக்குப் பின்னால் வலைக்குள் கிடந்தது. ஆக மூன்று. லாக்லனுக்கு அவன் கோப்பை கிடைத்தது. அவன் ஆட்கள் அவனைத் தூக்கிச் சுற்றினார்கள். சரி, இனி இவன் அடங்குவான், எல்லாம் நான் நினைத்தபடியே என்று மூச்சுவிட்டேன்.

அவன் அடங்கவில்லை. எவன் அடங்குவான்? அந்த மூன்று நிமிஷத்தில் இருபது வினாடி மிச்சம் இருக்கும்போது நீண்ட தூரத்திலிருந்து ஒன்றை அடித்தான். அலட்சியமாகத்தான் அடித்தான். அப்படியொன்றும் வேகமில்லை. பனித்தரையின் தண்ணீரில் தத்தித் தத்தி வந்தது. பத்து வயசுப் பெண் பிள்ளைகூட மட்டையை வைத்து நிறுத்தியிருப்பாள். ஆனால் கடைசியில் ஒரு தடவை எகிறியது, மார்புக்கு மேலே. நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

நான்கு.

ஓடிலோன் திரும்பி வந்து கோலில் நின்றான். மிச்சமிருந்த நிமிஷங்களில் ஒன்பது அடிகளைத் தடுத்தான், ஒன்றையும் விடவில்லை. ஒன்றை முகத்துக்கு நேரே கையால் பிடித்தான். நான் இடப்பக்கம் நின்றேன். "இடம்" என்றும் "வந்துட்டான்" என்றும் கத்தினேன். அவன் அதைக் கேட்டதாகக்கூடக் காட்டவில்லை.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் போகும்வரை காத்திருந்தேன். அவன் காலணிக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, அது உன் தலைக்குத்தான் வந்துச்சு. சத்தியமா. நான் பயந்துட்டேன்."

"தள்ளினத நான் கேக்கல" என்றான். கோபமே இல்லாத குரல். "பயத்துல தள்ளிட்ட. சரி. அவர் கேட்டாரு பாரு, அப்பவும் பயமா?"

நான் குனிந்து என் கையுறையை மடித்தேன்.

"நான் ஒத்தக் கண்ணோட ரெண்டு மாசம் நின்னு பாத்துட்டு இருந்தேன், மர்டோ. உனக்கு ரெண்டு இருக்கு. ரெண்டையும் மூடிக்கிட்ட."

மச்சான் என்று சொல்லவில்லை. அதன் பிறகு சொல்லவே இல்லை.

மறுநாள் ஞாயிறு மதியம் ஊர் ஓட்டலில் விருந்து. மூன்று கோப்பைகளையும் வெள்ளை விரிப்பின்மேல் வைத்திருந்தார்கள். கோல்கீப்பர் கோப்பையை ஆற்றங்கரை ஊர்க்காரன் வாங்கிப் போனான். மேற்குக் கடற்கரை ஆள் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு வெளியே கூட்டிப்போனதை எல்லாரும் பார்த்தோம். லாக்லன் தன்னுடையதை வாங்கிக்கொண்டு ஏதோ வேடிக்கையாகப் பேசினான், சபை சிரித்தது. பிறகு பாதிரியார் எழுந்தார். தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் ஒரு தப்பாட்டமும் ஆடாதவர் என்றார். நடுவரே தன் கண்ணைவிட அவர் வார்த்தையை நம்பினார் என்றார். எங்கள் லீக்கின் கண்ணியவான் என்று என் பெயரைச் சொன்னார்.

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். எல்ஸ்பெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து தட்டினாள், அவளுக்கு அண்ணனை நினைத்துக் கண்ணில் தண்ணீர். நான் கோப்பையை வாங்கிக்கொண்டு அவர்கள் மேசைக்குத் திரும்பினேன். என் நாற்காலி ஓடிலோனுக்கு வலப்பக்கம் இருந்தது. உட்கார்ந்தேன். அவன் எழுந்து, தன் தட்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, எனக்கு வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடர்ந்தான். இப்போது நான் அவனுக்கு இடப்பக்கம்.

"ஏன் எடம் மாறுறீங்க?" என்றாள் எல்ஸ்பெத்.

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்றான்.

அதோடு அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான், மறுபடி சுரங்கத்துக்குப் போனான். கூண்டில் என்னோடுதான் இறங்குவான், ஜெபமாலையை உருட்டிக்கொண்டு. முப்பத்தொரு வருஷமாகிறது. அந்த வலது கண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்றும் ஊசியில் நூல் கோர்க்கிறான். நான்கு பிள்ளைகளின் முகத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தான். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பிடப் போகிறேன், என்னை வரவேண்டாம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. உப்பை நீட்டினால், நீட்டுகிற கை தெரியாதவனாகச் சூப்பைக் குடித்துக்கொண்டே இருப்பான். கூண்டிலானாலும் கோயிலிலானாலும் சாப்பாட்டு மேசையிலானாலும், நான் வலப்பக்கம் போனால், நான் அவனுக்கு இடப்பக்கம் ஆகும்படி அவன் மாறிவிடுவான். ஒரு தடவைகூட மறந்ததில்லை.